தாமரை ஏந்தியவர்

காவலாளி விளக்கை உயர்த்தினான். குகைச் சுவரில் தீட்டியிருந்த அந்த முகம் மெல்லத் தெளிந்தது.

பாதி மூடிய கண்கள். கையில் ஒரு நீலத் தாமரை. ஆயிரத்தைந்நூறு வருஷமாக எந்தக் கவலையும் இல்லாமல் நிற்கிறார் போதிசத்துவர்.

அவளுடைய கணவர் கைகூப்பினார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

குழாய் ஒழுகுவதைப் பார்ப்பதுபோல அவள் அதைப் பார்த்தாள்.

மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் வீட்டைவிட்டுப் போனவர். ஃப்ரிட்ஜ் மேல் ஒரு சீட்டு. ‘எனக்கு அமைதி வேண்டும்.’ அவ்வளவுதான்.

ஆறு வருஷம் ஏதோ ஆசிரமத்தில் அமைதியாக இருந்தார். அவள் மகளைப் படிக்கவைத்தாள். கட்டிக்கொடுத்தாள். தாரைவார்க்க அவளுடைய தம்பி நின்றான். ஆசிரமத்திலிருந்து ஒரு பொட்டலம் திருநீறு வந்தது.

போன பங்குனியில் திரும்பி வந்தார்.

ஞானம் வந்து அல்ல. மூட்டுவலி வந்து.

சுற்றுலா வந்திருக்கும் ஈரோட்டுக் கூட்டம் முழுக்க அவரைச் சாமி என்கிறது. சட்னி போதவில்லை என்று காலையில் இட்லித் தட்டைத் தள்ளிவிட்ட சாமி.

“பாரு, அந்த மூஞ்சில எத்தன கருணை!” என்றார். இதெல்லாம் இவளுக்கு எங்கே புரியப்போகிறது என்ற பரிதாபம் குரலில் இருந்தது.

அவள் பார்த்தாள். ஓவியத்தில் போதிசத்துவருக்குப் பக்கத்தில் கறுத்த பெண்ணொருத்தி நின்றிருந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

இவர் அங்கேயே தரையில் அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கூட்டம் பயபக்தியோடு ஒதுங்கியது.

அவள் வெளியே வந்தாள்.

வாசலில் இருவர் செருப்பும் ஒன்றாகக் கிடந்தன. தினமும் குனிந்து அவர் காலில் மாட்டிவிடுபவள் அவள்தான்.

தன்னுடையதை மட்டும் போட்டுக்கொண்டாள்.

படியிறங்கினாள். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் வந்து ஏறினார்கள். பயணத்துக்கு அழைத்துவந்த சென்னியப்பன் ஒவ்வொரு வரிசையாகத் தலைகளை எண்ணினான்.

“ஏனுங்க்கா, சாமியக் காணோமுங்களே?”

“அங்கயே இருந்துக்கறேன்னு சொல்லிப்போட்டாருங்க தம்பி. நீங்க வண்டிய எடுக்கச் சொல்லுங்க.”

சென்னியப்பன் ஜன்னல் பக்கம் குனிந்தான். குகை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டான். விசில் அடித்தான்.

பஸ் நகர்ந்தது.

அவருடைய பர்ஸ், செல்போன், மூக்குக்கண்ணாடி, மாத்திரை டப்பா எல்லாம் அவள் மடியிலிருந்த பையில் இருந்தன.

எதையும் சுமக்கிற பழக்கம் அவருக்கு என்றைக்குமே இருந்ததில்லை.