பன்னிரண்டாவது திருத்தம்

"இந்த ரூமுக்குள்ளதான் இருக்கான், அருள்மேரி. அந்தத் திருட்டுப் பய இங்கேயேதான் உட்கார்ந்திருக்கான்."

சாம்பசிவன் சொன்ன வேகத்தில் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். மேற்குத் தாம்பரத்தில் அருள்மேரி நடத்தும் பிரௌசிங் சென்டரில் தினமும் மத்தியானம் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் அவருக்குத்தான்.

அருள்மேரி அப்போதுதான் டீக்கடையிலிருந்து வந்தாள். கொதிக்கக் கொதிக்க மூன்று கிளாஸ், மூன்றையும் ஒரே கையில் கொத்தாகப் பிடித்திருந்தாள். சாம்பசிவன் தன்னுடையதைக் கைக்குட்டையால் சுற்றித்தான் வாங்க முடிந்தது.

"யாரு சார்?" என்றாள்.

விஷயம் இதுதான். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இன்டர்நெட்டில் ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியம். அதில் 'அதிரடிப் படைப் பயிற்சி' என்ற கட்டுரையை ஆறு மாசமாக இழைத்து இழைத்து எழுதியிருந்தார் மனுஷன். திருநீர்மலைப் படிக்கட்டில் பாதியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்குகிறவர், கமாண்டோ எப்படி மலையேற வேண்டும் என்று மூன்று பாரா எழுதியிருந்தார். எழுதினால் என்ன, நன்றாகவே இருந்தது. நாளைக்கு அது முதல் பக்கத்தில் வரப்போகிறது. சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

ஒரே ஒரு வரியில்தான் தகராறு. 'வீரர்கள் கையுறை அணிந்து கயிற்றில் சறுக்கி இறங்குவர்' என்று இவர் எழுதினால், பேர் போடாத யாரோ ஒருவர் அதை 'வெறுங்கையால்' என்று மாற்றிவிடுவார். இவர் பழையபடி ஆக்குவார். மறுநாள் மறுபடி வெறுங்கை. பதினோரு தடவை ஆயிற்று. ஆதாரம் எங்கே என்று கேட்டால் பதிலே கிடையாது. பேர் போடாமல் திருத்தினால், பேருக்குப் பதில் அவர்களுடைய இன்டர்நெட் இணைப்பின் நம்பர் விழும். அந்த நம்பர் சாம்பசிவனுக்கு மனப்பாடம்.

இன்றைக்கு அவசரத்தில் லாகின் பண்ணாமலே திருத்தித் தொலைத்தார். பார்த்தால், அவருடைய திருத்தத்துக்குப் பக்கத்தில் எதிரியின் அதே நம்பர். இந்த சென்டர் முழுக்க ஒரே இணைப்பு, ஒரே நம்பர் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

களஞ்சியத்தின் நிர்வாகிக்கும் உறைத்துவிட்டது. நீங்களே மாற்றி நீங்களே திருத்தி விளையாடுகிறீர்களா, ஆறு மணிக்குள் இந்தச் சண்டை தீராவிட்டால் கட்டுரை முதல் பக்கத்தில் வராது என்று எழுதிவிட்டார். இப்போது மணி ஐந்து இருபது.

சாம்பசிவன் நேராக நாலாம் நம்பர் தடுப்புக்குள் தலையை நீட்டினார். அங்கே படப்பை குணா, இறுக்கமான பனியனில், தோள் இரண்டும் புடைக்க உட்கார்ந்திருந்தான். அந்தத் தோளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

"இன்னா சார், நானே பொண்ணு பாத்துகினு கீறேன்," என்று குணா கடுப்பானான். திரையில் வரிசையாகக் கல்யாணப் பெண்களின் போட்டோ.

ஒன்றாம் நம்பரில் ஒரு பெண் ரயில்வே பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். சென்டருக்கு வருவதே இன்றைக்குத்தான் முதல் தடவையாம். மற்ற இடமெல்லாம் காலி.

சாம்பசிவன் சோர்ந்துபோய் உட்கார்ந்தார். நிர்வாகிக்கு வரி வரியாக எடுத்துக் காட்டலாம் என்று, தன்னுடைய ஆதாரப் புத்தகத்தை இன்றைக்குத்தான் முதன்முதலாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். நம்ம ஊர்க் கமாண்டோக்களைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகம், செங்கல் கனம், பழுப்பு அட்டை வேறு போட்டிருந்தது. கையுறை என்று அதில் அச்சிலேயே இருக்கிறது, அந்த ஆள் ஒரே ஒரு ஆதாரம் காட்டினால் நானே என் கையால் மாற்றுகிறேன் என்று புலம்பினார்.

அருள்மேரி புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், இதுல படம் இருக்கா?"

"நடுவுல என்னவோ இருக்கு. நான் படிக்கறதுக்குத்தான் புத்தகம் வாங்கறேன், படம் பாக்கறதுக்கு இல்ல."

அவள் வாங்கிப் புரட்டினாள். ஓரிடத்தில் நின்றாள். புத்தகத்தை அப்படியே திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

"நான்தான் சார் மாத்தினேன்," என்றாள். "தப்பு முதல் பக்கத்துல வரலாமா? ஆனா ஆதாரம் கேட்டீங்க, காட்ட ஒண்ணும் இல்ல. இப்பக் கிடைச்சிருச்சு."

சாம்பசிவனுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் படத்தைப் பார்த்தார். உயரமான கட்டடத்திலிருந்து நாலு பேர் கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் கையிலும் உறை இல்லை. ஆறு மாசமாக அவர் மேற்கோள் காட்டிய அதே புத்தகம், அவர் தாண்டிப்போன பக்கம்.

ஆனாலும் மனுஷன் நேர்மையானவர். ஒழுங்காக லாகின் பண்ணினார். 'வெறுங்கையால்' என்று தன் கையாலேயே அடித்து, படத்தின் பக்க எண்ணைக் கொடுத்து, தவறு என்னுடையது என்றும் எழுதினார். மணி ஐந்து ஐம்பத்திரண்டு. ஐந்து ஐம்பத்தேழுக்கு நிர்வாகியின் பதில் வந்தது. முதல் பக்கம் உறுதி.

சாம்பசிவன் மேஜையில் ஓங்கித் தட்டினார். என்ன ஏது என்று தெரியாமலே குணா விசில் அடித்தான்.

சந்தோஷம் கொஞ்சம் அடங்கியதும்தான் அவருக்குப் பொறி தட்டியது. "இந்தப் புத்தகத்தை நீ இன்னிக்குத்தானே பாக்கறே? எதை வெச்சு பதினோரு தடவை அவ்வளவு உறுதியா மாத்தினே?"

குணா எட்டிப் படத்தைப் பார்த்தான். "சார், மொதல்ல எறங்குறது நம்ம அக்கா மாதிரியே கீது."

அருள்மேரி தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கயிறு ஓடிய தடம் குறுக்கே தழும்பாகப் பளபளத்தது.

"மாதிரி இல்ல குணா," என்றாள். "அந்த பேட்ச்ல முதல்ல இறங்கினது நான்தான்."