முப்பது பேரின் ஒரே தப்பு

பத்தாவது விடைத்தாளிலேயே வேதியியல் டீச்சருக்குச் சந்தேகம் தட்டியது. திருத்தி முடித்தபோது அது உறுதியாகிவிட்டது.

'தனிம வரிசை அட்டவணையில் இடமிருந்து வலமாகப் போகப் போக, அணுவின் அளவு என்ன ஆகும்?' என்ற கேள்விக்கு முப்பது பேர், 'எலக்ட்ரான் கூடுவதால் அணு பெருத்துக்கொண்டே போகும்' என்று ஓர் எழுத்துக்கூட மாறாமல் எழுதியிருந்தார்கள்.

தேர்வு முழுக்க உட்காராமல் நடந்துகொண்டே கண்காணித்தாரே, அவர் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டார்களா?

மறுநாள் வகுப்பில் வெடித்தார்.

"யாரைப் பார்த்து எழுதினீங்க? மரியாதையா சொல்லிடுங்க. இல்லேன்னா எல்லாரையும் ஹெட்மாஸ்டர் ரூம்ல நிறுத்திடுவேன்."

வகுப்பு திருதிருவென்று விழித்தது. முதல் பெஞ்சைப் பார்த்தார், கடைசி பெஞ்சைப் பார்த்தார். எல்லா முகத்திலும் திருட்டுக் களை இருப்பதாகவே பட்டது.

சரியாக எழுதியிருந்த ஒரே பெண்ணை எழுப்பினார்.

"நீ மட்டும், 'புரோட்டானும் கூடுது, அணுக்கரு இறுக்கி இழுக்குது, அதனால அணு சுருங்கும்'னு சரியா எழுதியிருக்கே. பயப்படாம சொல்லும்மா. இவங்க எங்கேருந்து காப்பி அடிச்சாங்க?"

அவள் தயங்கினாள்.

"தெரியல டீச்சர். இந்தப் பாடத்துக்கு நீங்க நோட்ஸ் சொன்ன அன்னிக்கு நான் லீவு. புத்தகத்தைப் பார்த்து நானாத்தான் படிச்சேன்."