மேல்மாடி வீட்டுக்காரர்

முதலில் குரலை உயர்த்தியது மேல்மாடி வீட்டுக்காரரா, சங்கத்துச் செயலாளரா என்று இப்போது கேட்டால் அடித்துச் சொல்ல முடியவில்லை. செயலாளர் கையிலிருந்த மைக் கத்தியதும் மேல்மாடி வீட்டுக்காரர் கத்தியதும் ஒரே நேரத்தில் நடந்ததாகத்தான் ஞாபகம்.

"யாரைக் கேட்டு எழுதினீங்க? 'வீட்டுக்காரர்கள் அனைவரின் விருப்பப்படி'ன்னு போட்டிருக்கீங்களே, எந்த வீட்டுக்காரர்? என்னைக் கேட்டீங்களா?"

அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிறீச்சிட்டு அடங்கின. வீட்டுக்குள் யாரும் எந்தத் தொழிலும் நடத்தக் கூடாது என்று சங்கம் ஒரு புது விதியை எழுதி, அன்று ஓட்டுக்கு வைத்திருந்தது.

மற்றவர்களுக்கு அது வெறும் விதி. மேல்மாடி வீட்டிலோ அவர் மனைவியின் தையல் மெஷின்கள் நின்றுபோகும். அவருக்கு வேலை போனதிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

"கோபப்படாதீங்க சார்," என்றார் செயலாளர். "உங்க மாமனார் இருந்த வரைக்கும் அந்த வீட்டிலேருந்து ஒரு சத்தம் வந்ததில்ல."

"அவர் வாயில்லாப் பூச்சி. எனக்கு வாய் இருக்கு. செவிடன் காதுல சங்கு ஊதினாலும் பரவாயில்ல, சங்கமே செவிடா இருந்தா என்னய்யா பண்றது?"

சிலர் சிரித்துவிட்டார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. மடியில் இருந்த காகிதக் கட்டை மெல்லத் தட்டிச் சமப்படுத்தினார்.

வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்கள், தங்கள் சார்பில் அவரையே ஓட்டுப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்த கடிதங்கள் அவை. ஆண்டுதோறும் அந்தக் கட்டுதான் ஜெயித்தது. நேரில் வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அதைப் பார்த்ததும் மேல்மாடி வீட்டுக்காரருக்கு அலுப்பும் ஆத்திரமும் ஒன்றாக மேலேறின. எத்தனை கூட்டத்தில் கல்லில் நார் உரித்தாயிற்று!

பின்வரிசையில் அவர் மனைவி தயங்கித் தயங்கி எழுந்தாள். "ஏங்க, நான் ஒரு வார்த்தை..."

"நான்தான் பேசிட்டிருக்கேன்ல? நீ போய் அந்த யூனிஃபார்மை முடி. நாளைக்கு ஸ்கூல்லேருந்து வந்து நிப்பாங்க."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ இருமினார்கள். பிறகு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியேறிப் போனாள்.

அவர் தலைவர் பக்கம் திரும்பினார். "தலைவரே, இந்த ஒரு தடவையாவது நியாயமா நடத்துங்க. லெட்டர் செல்லாது. போன் போட்டு ஆளை வரவழைக்கிறதும் செல்லாது. பத்திரத்துல பேர் இருக்கணும், இப்ப இந்தக் கூடத்துல இருக்கணும். அந்தக் கை மட்டும்தான் கணக்கு."

படபடவென்று கைதட்டல் எழுந்தது. தலைவர், யாருக்கும் பொல்லாதவர் ஆக விரும்பாத மனிதர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"கேக்கிறது நியாயம்தானே. அப்படியே வச்சுக்குவோம். கதவைச் சாத்துங்கப்பா. ஆனா ஒண்ணு, ஓட்டு சமமா வந்தா விதி நிக்கும்."

"நிக்கட்டும், பார்த்துக்கலாம்!"

செயலாளர் உடனே தலையாட்டினார். கடிதக் கட்டை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். இத்தனை சுலபமாக விட்டுக்கொடுக்கிற ஆளா அவர் என்று யோசித்திருக்கலாம். ஜெயிக்கப் போகிறவனுக்கு யோசனை எங்கே வருகிறது?

விதி வேண்டும் என்றவர்கள் கை தூக்கினார்கள். பிறகு, வேண்டாம் என்றவர்கள். தலைவர் விரல் நீட்டி, உதடு அசைய எண்ணினார்; சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினார்.

"வேண்டாம்கிற பக்கம் ஒரே ஒரு கை கூட இருக்கு."

மேல்மாடி வீட்டுக்காரர் தூக்கிய கையை இறக்கவே இல்லை. மேலே போய் மனைவியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். உன் மெஷினை எவனும் நிறுத்த முடியாது, நான் இருக்கேன்.

"தலைவரே, அதுல ஒரு கையைக் கழிச்சிடுங்க," என்றார் செயலாளர்.

"எந்தக் கையை?"

"இதோ, சாரோட கையை."

"யோவ், என்ன விளையாடறியா? மேல்மாடி வீட்டுக்காரர்னா இந்தக் கட்டடத்துல சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்!"

சாத்திய கதவுக்கு அப்பால், மாடிப்படி வழியே, தையல் மெஷின் ஓடும் சத்தம் சன்னமாக இறங்கி வந்தது. செயலாளர் அது நிற்கும்வரை காத்திருந்தார்.

"நீங்க வீட்டுக்காரர் இல்ல சார், வீட்டுக்காரம்மாவோட வீட்டுக்காரர்."