மணி எட்டும் தூரம்

இன்று உச்சிப்பொழுதில் கோயில் மணி காதில் விழுந்தால் என் வீடு பிழைக்கும். விழாவிட்டால் நாளைக்கே பிரித்துவிடுவார்கள்.

எஸ்பானியப் பாதிரியாரின் உத்தரவு. மணியோசை எட்டாத இடத்தில் யாரும் குடியிருக்கக் கூடாது. தூணையும் கூரையையும் பிரித்துச் சுமந்துபோய், கோயிலைச் சுற்றிக் கயிறு பிடித்துப் போட்ட தெருக்களில் நட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தத் தெருக்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வீடு.

என் புருஷன் சுமுலோங்கைக் கப்பலுக்கு மரம் வெட்டப் பிடித்துப் போய் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. திரும்பினால் இந்த ஆற்று வளைவுக்குத்தான் வருவான். வெறும் தூண்குழிகளைப் பார்த்தால் நான் செத்துவிட்டேன் என்றே நினைப்பான்.

சோதிக்க வந்தவர் எங்கள் தலைவர் பந்தலியோன். போன திருநாளில் கோயில் பீரங்கிக்குத் திரி வைத்தவர். அன்றிலிருந்து மனுஷர் ஆளே மாறிவிட்டார். பேச்செல்லாம் கூச்சல். பின்னாலிருந்து எதைக் கேட்டாலும் பதில் கிடையாது. பெரிய இடத்துத் திமிர்.

"எதிர்ல வந்து உக்காரு உர்சுலா! மணி கேட்டதும் சிலுவை போடணும். போடலைன்னா வீடு இல்ல, ஆமா!"

மணிலாவிலிருந்து வந்த புது மணி. இன்றுதான் முதல்முறையாக அடிக்கிறார்கள். பழைய மணி ஒருநாளும் இந்த மலையைத் தாண்டி வந்ததில்லை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சேவலைக் கூடை போட்டுக் கவிழ்த்தேன். நாயைத் துரத்தினேன். கொதிக்கிற சத்தம்கூட வேண்டாமென்று உலையை இறக்கினேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

அவரோ கண்ணெடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய்யைப் பிடிக்கத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

தூணின் நிழல் தூணுக்கடியிலேயே சுருங்கிவிட்டது. ஒரு சத்தமும் இல்லை.

இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கை தானாக எழுந்தது. நெற்றி, மார்பு, இரண்டு தோள்.

அவர் சட்டென்று தொப்பியைக் கழற்றித் தானும் சிலுவை போட்டார்.

"கணீர்னு கேக்குதே! வீடு இங்கயே இருக்கட்டும்!"

சொல்லிவிட்டுப் படகில் ஏறினார். எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லை. அவருக்குக் கேட்டது எனக்கு ஏன் கேட்கவில்லை? பயத்தில் காது அடைத்துவிட்டதா?

படகு வளைவை நெருங்கும்போது மணி அடித்தது.

மலையைச் சுற்றிக்கொண்டு, தண்ணீரோடு தண்ணீராக வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கூடைக்குள் சேவல் பதறியது. என் நெஞ்சும்தான்.

மணி கேட்டால் ஆற்றில் எந்தப் படகும் நிற்க வேண்டும். துடுப்பை மடியில் வைத்துத் தொப்பியைக் கழற்ற வேண்டும். மீறினால் பிரம்படி, தலைவராகவே இருந்தாலும்.

அக்கரையில் பாதிரியாரின் மீன்காரன் படகை நிறுத்திவிட்டான். தொப்பி கையில் இருந்தது. தலை குனிந்திருந்தது. நிமிர்ந்தால் எல்லாவற்றையும் பார்த்துவிடுவான்.

பந்தலியோனின் துடுப்பு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. தொப்பி தலையில் இருந்தது. மணி வந்த திசையை நோக்கியே போய்க்கொண்டிருந்தார்.

நான் தண்ணீருக்குள் ஓடினேன்.

"தலைவரே, தொப்பி! தொப்பியக் கழட்டுங்க!"

தொண்டை கிழியக் கத்திய பிறகுதான், யாரிடம் கத்துகிறேன் என்பது எனக்கு உறைத்தது.