பச்சை மாறாத திரை

மறுபடியும் தொட்டுப் பார்த்தாள்.

பச்சை.

பச்சையாக இருக்கக் கூடாது.

இரண்டாம் திரையில் அண்ணன் பெயருக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்திருக்கிறாள். டிக் இல்லையென்றால் ஆள் இன்னும் கம்பத்தில் என்று அர்த்தம். பின்னால் வந்தால் முதல் திரை சிவப்பாகியிருக்க வேண்டும்.

அவள் எழுதிய செயலி. லைன்மேன்கள் எல்லோரும் இறங்கியாயிற்றா என்று துணைமின் நிலையத்து ஆபரேட்டர் பார்த்துக்கொள்வதற்கு. பச்சை என்றால் மின்சாரம் கொடுக்கலாம். அண்ணன்தான் அதிகாரிகளிடம் சொல்லிச் சொல்லி இதை அங்கே நுழைத்தான். "எந்தங்கச்சி எழுதுனதாக்கும்" என்று ஊரெல்லாம் பீற்றல் வேறு.

கொஞ்சம் முன்னால்தான் அவன் பேசினான்.

"எல்லாரும் எறங்கி டிக்கும் போட்டாச்சு. பாத்தா முக்குக் கம்பத்துல ஒரு வயர் தொங்கிட்டுக் கெடக்கு. திரும்ப ஏறப் போறேன். என் டிக்க எடுக்கச் சொல்லி ஆபரேட்டர்ட்ட சொல்லிட்டேன். வைக்கட்டா? போன எஸ்தாக்கிட்ட குடுக்கணும்."

கம்பத்தில் ஏறினால் அவன் போன் கீழே நிற்கும் கூட்டாளி எஸ்தாக்கியின் கையில்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான்.

டிக்கை எடுத்ததும் நிறம் எப்படி மாறுகிறது என்று தன் போனில் இருந்த சோதனைப் பிரதியில் சும்மா பார்க்க நினைத்தாள். பெருமைதான், வேறென்ன.

மாறவில்லை.

மடிக்கணினியைத் திறந்தாள். அண்ணன் வேலை பார்க்கும் லைன்தான் இந்தத் தெருவுக்கும்; காலையிலிருந்து மின்சாரம் இல்லை. பாட்டரி தீரப் போகிறது. விரல்கள் வியர்த்து வழுக்கின.

இரண்டாம் திரை ஒழுங்காகத்தான் சொல்கிறது, நிறத்தை மாற்று என்று. யாரிடம் சொல்ல வேண்டும்? சேதியை வாங்கிக்கொள்ள வேண்டிய டெலிகேட் முதல் திரைதான் என்று குறிக்கும் அந்த ஒற்றை வரியைத் தேடினாள்.

இல்லை.

அவள் எழுதவே இல்லை.



செயலியை மூடித் திறந்தால் நிறம் சரியாக வரும். அவள் சோதித்ததெல்லாம் மூடித் திறந்துதான். பாவி, ஒரு தடவைகூடத் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.

டிக்கை எடுத்த ஆபரேட்டருக்கு விஷயம் தெரியும். அவர் இருக்கிறவரை பயமில்லை.

கடிகாரத்தைப் பார்த்தாள். ஷிப்ட் மாறிவிட்டது.

புதிதாக வந்தவர் மேசைமேல் செயலி திறந்தபடி கிடக்கும் நிலையத்துப் போனை எடுப்பார். முதல் திரையைத்தான் பார்ப்பார்.

துணைமின் நிலையத்துக்கு அழைத்தாள்.

வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

மறுபடியும் அழைத்தாள். அதே பதில்.

எஸ்தாக்கி! அவனிடம் சொன்னால் போதும், கீழேயிருந்து கத்தியே இறக்கிவிடுவான். அண்ணன் எண்ணை அவசர அவசரமாகத் தேடினாள்.

முகத்தில் காற்று பட்டது.

நிமிர்ந்தாள்.

மின்விசிறி சுற்ற ஆரம்பித்திருந்தது.

மாடிப்படியில் பிள்ளைகள் தடதடவென்று ஓடினார்கள். "ஏய், கரண்ட் வந்துட்டு!"

எதிர்வீட்டில் மிக்ஸி ஓடியது. யாரோ டிவியைப் போட்டார்கள்.

அவள் விரல் அண்ணன் பெயருக்கு மேலே நின்றிருந்தது. அழுத்த முடியவில்லை.

போன் அதிர்ந்தது.

அண்ணன் என்று காட்டியது.

எடுத்தாள். "அண்ணே?"

அந்தப் பக்கம் கூச்சல். பலபேர் ஓடுகிற சத்தம்.

"அண்ணே, எறங்கிட்டியா?"

"நான் எஸ்தாக்கி பேசுதேம்மா."