எங்கள் வீட்டுத் தொட்டி

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அந்த ஆள் ஒரு குப்பைத் தொட்டியின் மூடியைத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்தான். சுற்றும் முற்றும் ஒரு பார்வை. பிறகு அடுத்த தொட்டிக்குப் போனான்.

தூணுக்குப் பின்னால் நின்றிருந்த சுங்க அதிகாரிக்குச் சுருக்கென்றது. அவர் ஓய்வு பெற்றிருந்தாலும் அவர் கண் ஓய்வு பெறவில்லை. குப்பை பொறுக்க வருகிறவன் இஸ்திரி கலையாத சட்டையிலா வருவான்? கையில் ஒரு பைகூட இல்லை.

குடும்பத்தை வேவு பார்க்க யாரோ அனுப்பிய ஆள்தான். அதுவும் இன்றைக்குப் பார்த்து. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பேச்செல்லாம் தரகர் மூலம்தான். யாரையும் இன்னும் நேரில் பார்த்ததில்லை. வந்த இடத்தையெல்லாம் தட்டிக்கழித்த மகள், தானாகத் தலையசைத்த முதல் இடம் இது.

"யாருய்யா நீ? சுங்க இலாகாவுல எத்தனையோ பேர் பெட்டியைப் பிரிச்சுப் பாத்தவன் நான். எங்கிட்டயே வேலை காட்டாதே."

அதைக் கேட்டதும் அந்த ஆள் பயப்படவில்லை, சிரித்தான். "மூணாவது மாடிங்களா நீங்க? அங்க ரெண்டு வீடுதானே? மூணுன்னு எழுதியிருக்கற இந்த ரெண்டு தொட்டியில எது உங்களோடது?"

அதிகாரி பார்த்தார். எதிர்வீட்டுத் தொட்டி பிளாஸ்டிக் பைகளும் பாதி தின்ற ரொட்டியுமாக வழிந்தது. அவர் வீட்டுத் தொட்டியின் அடியில் ஒரு கைப்பிடிக் குப்பை. எல்லாம் மகள் செய்கிற வேலை. காய்த்தோல் பால்கனிச் செடிக்கு உரமாகிவிடும். அவருடைய பழைய சட்டைகூடக் காய்கறிப் பையாகிவிட்டது.

அவருக்கு உடம்பு கூசியது. அந்த வீட்டில் அடுப்பே எரிவதில்லை என்று இவன் போய்ப் பரப்பினால் குடும்ப மானம் என்னாவது?

"வழியுதே, அதுதான் எங்களது," என்றார் நிமிர்ந்து. "ஒரு பொருளை ரெண்டாம் தடவை தொடற வழக்கம் எங்க பரம்பரையிலேயே கிடையாது."

"பிள்ளைங்களும் அப்படித்தானா?"

"வளர்ப்பு அப்படி. புதுசு இல்லேன்னா கை நீட்ட மாட்டாங்க."

"அப்போ இந்தக் காலித் தொட்டி?"

"எதிர்வீடு. கஞ்சப் பிசினாறிங்க. வெங்காயத் தோலைக்கூட வீச மனசு வராது."

வந்த ஆளின் முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்துபோனது. "நான் மாப்பிள்ளையோட அப்பாங்க," என்றார் மெதுவாக. "வீட்டைப் பாக்கறதுக்கு முன்னாடி அவங்க குப்பையைப் பாத்துட்டு வாங்கப்பான்னு பையன்தான் அனுப்பினான். சாயங்காலம் நாங்க வரலைங்க, மன்னிச்சுக்குங்க."



காலித் தொட்டியின் மூடியைப் பதமாக மூடிய மாப்பிள்ளையின் அப்பா, குரலைத் தணித்துக் கேட்டார்.

"எதிர்வீட்ல கல்யாண வயசுல பொண்ணு யாராவது இருக்காங்களா?"