மார்கிட் ஏறினால் வரும் சத்தம்

பனி உருகியதும் ஸ்டூரே அந்தப் பழைய காரை வெளியே எடுத்தான். காலமான முதல் மனைவி ஏல்சா ஓட்டிய கார். இரண்டாம் மனைவி மார்கிட் ஏறி உட்கார்ந்தால் மட்டும் இன்ஜினில் டக் டக்கென்று சத்தம் வரும்; இறங்கினால் நின்றுவிடும். இன்ஜினின் எட்டு வால்வுகளுக்கும் இடைவெளி பார்த்துச் சரிசெய்தும் சத்தம் போகவில்லை.

“ஏல்சாவுக்கு என்னைப் பிடிக்கல,” என்றாள் மார்கிட்.

“வால்வுக்கு நீ யாருன்னு தெரியுமா, பைத்தியம்!”

“அப்ப நீ மட்டும் உள்ள உக்காரு. நான் கேட்டுப் பாக்கறேன். சத்தம் வரலேன்னா நாளைக்கே இதை வித்துடணும்.”

பானெட்டைத் திறந்து, நீளத் திருப்புளியை வால்வு மூடியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டாள். இன்ஜின் தையல் மிஷின்போலச் சீராக ஓடியது.

“என்ன, கேக்குதா?” என்றான் ஸ்டூரே.

மார்கிட் பக்கக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். அவன் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. ஆனால் பெல்ட் மாட்டியிருந்தது, ஓர் ஆளின் பருமனுக்கு. அது மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.